கழுத்து நிழல்

உட்கார நல்ல நாற்காலி கொடுத்திருக்கிறீர்கள். அக்காவின் பல் மருத்துவமனையில் எட்டு வருடம் குப்பை கொட்டியவனுக்கு, பின்னால் சாயாத நாற்காலியைப் பார்த்தாலே நிம்மதி.

என் அக்கா நல்ல பற்களைத் தோண்டி அடைக்கிறாள் என்று வேறு டாக்டர்கள் உங்கள் பல் மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுத்திருக்கிறார்கள். பதினேழு பல் என்கிறீர்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு. தோண்டியது அவள் கைதான், ஆனால் அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. விவரமாகவே சொல்கிறேன்.

அக்கா அநாவசியமாக யார் பல்லையும் தொடமாட்டாள். பயந்துகொண்டு வருகிறவர்களை, "ஒண்ணுமில்ல, போய் ஒழுங்கா தேய்ங்க" என்று விரட்டிவிடுவாள். எக்ஸ்ரே படத்தில் சொத்தையைத் தானாகக் கண்டுபிடித்துச் சிவப்பு வட்டம் போடும் புரோகிராமை அவளுக்காகத்தான் இரண்டு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதினேன். முதல் நாள், ஒரு தபால்காரரின் கடைவாய்ப் பல்லில் வட்டம் விழுந்தது. அக்கா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள்.

"இது சொத்தை இல்லடா. பல்லோட கழுத்துப் பக்கம் எக்ஸ்ரே சுலபமா ஊடுருவிடும், அதான் நிழல் மாதிரி விழுது. இதுகூடத் தெரியாம என்னத்த எழுதின?"

நர்ஸ் சிரித்தார். தபால்காரரும் வாயில் பஞ்சோடு சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது, இல்லையென்று சொல்லமாட்டேன். சின்ன வயதிலிருந்தே இதே கதைதான். நான் பூட்டிய கதவை அவள் ஒருமுறை இழுத்துப் பார்ப்பாள். நான் அணைத்த அடுப்பைத் திருகிப் பார்ப்பாள்.

அந்தத் தவறைத் திருத்த ஒரு வாரம் போதும். நான் அதற்குப் பதில் ஒரு வரி சேர்த்தேன். வட்டத்துக்குள் இருக்கும் நிழலை, படம் அவள் திரைக்குப் போகுமுன் கொஞ்சம் கருப்பாக்கும் வரி. கொஞ்சம்தான், பார்த்தால் சொத்தை என்று தோன்றும் அளவுக்கு.

அப்புறம் எல்லாம் ஜோராகப் போனது. அக்கா வட்டத்தை நம்பவில்லை, தன் கண்ணை நம்பினாள். பார்ப்பாள், தலையாட்டுவாள், தோண்டுவாள். ஒருநாள் மட்டும், "உள்ள கெட்டியாத்தானேடா இருக்கு?" என்று கேட்டாள்.

"ஆரம்பத்துலயே பிடிச்சிட்டோம்க்கா. அதான் கெட்டியா இருக்கு."

அவளுக்கு அது நியாயமாகப் பட்டது. எனக்கே பட்டது, பாருங்கள். இந்தத் தொழிலில் ஒரு வசதி உண்டு. தோண்டிய பல் எழுந்து வந்து, தான் நன்றாக இருந்ததாகச் சொல்லாது. அவள் தோண்டியதையெல்லாம் புரோகிராம் 'சரி' என்று குறித்துக்கொண்டது. கடைசியில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரி.

ஒன்பது பேருக்குச் சீழ் பிடித்துப் பல்லையே பிடுங்க வேண்டியதாயிற்று. அதில் ஒரு பள்ளிக்கூடப் பெண்ணும் உண்டு. பாவம், அழாமல் சமத்தாக வாயைத் திறந்தாள்.

போன மாதம் அக்கா தன் பல்லையே படம் எடுத்தாள். வட்டம் விழுந்தது.

"உண்மையாவே சொத்தையாடா? வலியே இல்லையே."

அறையில் நாங்கள் இருவர்தான். சொல்லியிருக்கலாம். "நீயே பாருக்கா" என்றேன். அவள் படத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "நீ சொன்னா சரி" என்று நாற்காலியில் படுத்துக்கொண்டு துணை டாக்டரைக் கூப்பிட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு சந்தோஷம்.

அசல் படங்களைக் கேட்கிறீர்கள். அவை இல்லை. கருப்பாக்கியதுமே அசல் அழியும்படி எழுதியிருந்தேன். புகார் வந்த அன்று அந்த வரியையும் எடுத்துவிட்டேன். வேலை முடிந்தால் இடத்தைத் துடைத்து வைத்துவிடுவது என் வழக்கம். ஆகவே படங்களில் இருப்பது அக்காவின் பெயர் மட்டும்தான். அவளுடைய லைசென்ஸ் பிழைக்க வேண்டுமென்றால் என் வாய்வார்த்தை ஒன்றுதான் சாட்சி.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், கூப்பிடுங்கள். நான் சொல்வதை இனி அவள் நம்பித்தான் ஆகவேண்டும்.