நான் கொடுக்காத கிளை

ரணகள்ளி இலையை மண்ணுக்குள் புதைக்கக் கூடாது, டிரெஸர் ஐயா. மேலே கிடத்தி வைத்தால் போதும், இலையின் ஓரமெல்லாம் குட்டி போட்டுவிடும். பிரண்டைக்கு ஒரு கணு இருந்தால் சரி. கற்பூரவள்ளிக்கு அந்தக் கவலைகூட இல்லை, ஒடித்துப் போட்ட இடத்தில் பிடித்துக்கொள்ளும். ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற நீங்கள் செடியைப் பார்க்கத்தான் வந்தேன் என்றீர்கள். அதனால் செடியிலிருந்தே தொடங்குகிறேன்.

பிரிக்பீல்ட்ஸில் இந்த ரயில்வே குவார்ட்டர்ஸ் வரிசை முழுவதும் போய்ப் பாருங்கள். எந்த வீட்டு வாசலில் பால் டின் தொங்கினாலும் அதிலுள்ள செடிக்குத் தாய்ச்செடி என்னிடம் இருக்கும். ஆனால் நான் கொடுத்தேன் என்று ஒருத்தியும் சொல்ல மாட்டாள். நான் தாலி அறுத்தவள். என் கையால் செடி வாங்கினால் குடும்பம் விளங்காதாம். திருடி நட்டால் செழிக்கும் என்று ஒரு பேச்சு உண்டே, அது அவர்களுக்கு வசதியாகப் போயிற்று. வந்து ஒடித்துக்கொண்டு போவார்கள். நான் பார்க்காததுபோல் அரிசியில் கல் பொறுக்குவேன்.

அடுத்த வீட்டுப் பவுனம்மாளிடம் அந்த ஒளிவுமறைவு கிடையாது. நேரே வந்து நிற்பாள். "நீங்க குடுக்க வேணாங்கா, நானே எடுத்துக்கிறேன்லா," என்று சிரிப்பாள். அவள் கெட்டவள் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். என் டின்னில் ஒடித்ததைத் தன் டின்னில் ஊன்றி, துளிர்த்ததும் வரிசைக்கெல்லாம் வாரிக் கொடுப்பாள். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. கைராசிக்காரி என்று பெயரும் வாங்கிவிட்டாள்.

என் தம்பி நாகையா பட்டறையில் ஃபிட்டர். அம்மா செத்த பிறகு அவனை வளர்த்தவள் நான். போன தையில் அவனுக்குக் கல்யாணம். பெண்ணும் மாப்பிள்ளையும் வாசலுக்கு வந்த நேரத்தில் பவுனம்மாள் என் தோளைத் தொட்டாள். "நல்ல நேரங்கா, கொஞ்சம் உள்ள இருங்க," என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். நாகையா கேட்டுக்கொண்டுதான் நின்றான். நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் போய் நின்றேன்.

ஆரத்தி எடுத்தது பவுனம்மாள். மங்கலத்துக்கென்று புதுப்பெண் கையில் வெற்றிலைக்கொடித் தொட்டியைக் கொடுத்ததும் அவள்தான். அது என் கொடியில் ஒடித்தது. மறுவாரம் அந்தப் பெண் என்னிடமே காட்டுகிறாள். "பவுனக்கா கையி ராசியான கையி, எப்படித் தழையுது பாருங்க அண்ணி." எனக்கு வயிறு எரிந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

அதோ கூரை இறவாணத்தில் பச்சைக் குச்சிகளாகத் தொங்குகிறதே, அதன் பெயர் எனக்குத் தெரியாது. துரை பங்களாத் தோட்டக்காரர் கொடுத்தது. ஒன்றும் செய்யாத சாதுச் செடி. பவுனம்மாளுக்கு வெகுநாளாக அதன்மேல் ஆசை. திருகுக்கள்ளியும் பார்வைக்கு ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும், ஆனால் நிமிர்ந்து வளரும், ஒடித்தால் பால் கொட்டும். கடலுக்கு அந்தப் பக்கம் நம் ஊரில் அதை வேலிக்கு வைப்போம். பவுனம்மாள் இங்கே கிள்ளானில் பிறந்தவள், அதைக் கண்டதில்லை.

தூரத்தில் தண்டவாளத்தோரம் ஊர்க்காரர் யாரோ வைத்த வேலியிலிருந்து இரண்டு கிளை கொண்டுவந்தேன். வெட்டுவாய் காயும்வரை நிழலில் கிடக்க வேண்டும், இல்லாவிட்டால் அழுகிவிடும். பிறகு அந்தச் சாதுச் செடி டின்னின் நடுவே ஊன்றினேன். புதுத் தளிர்கள் வந்ததும் நுனியில் நூல் கட்டி ஆணியைத் தொங்கவிட்டேன், கீழே வளைவதற்கு. இதில் அவசரம் ஆகாது. ஆனி பிறந்தபோது இரண்டு செடியும் கலந்து தொங்கின, எனக்கே சற்று உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது. நூலை அவிழ்த்தேன். டின் தொங்கும் கொக்கியை ஒரு சாண் உயர்த்தினேன், அண்ணாந்து பார்த்தால்தான் கை எட்டும்படி.

அவள் வந்தது வெள்ளிக்கிழமை காலை. தலைக்குக் குளித்துப் பூ வைத்திருந்தாள். "அதை மட்டும் தொடாதே," என்றேன். நான் எச்சரிக்கவில்லை என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது.

"ஒரு குச்சிக்கு இவ்ளோ கிராக்கியாக்கா?" என்று அண்ணாந்து கொத்தாகப் பிடித்து ஒடித்தாள். கள்ளிப்பால் இரண்டு கண்ணிலும் கொட்டியது.

"அக்கா, தண்ணி, தண்ணி குடுங்கக்கா," என்று அலறினாள். அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமையில் என் கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்குகிறவள் இல்லை அவள். அவளுக்கு ஆகாத காரியத்தை நான் ஏன் செய்ய வேண்டும்? உள்ளே போய்ச் செம்பைப் புளி போட்டுத் துலக்கினேன். நிரப்பிக்கொண்டு வந்தபோது அவள் முந்தானையால் கண்களைத் தேய்த்துத் தேய்த்துத் தரையில் உட்கார்ந்துவிட்டிருந்தாள்.

பார்வை திரும்பாது என்று நீங்கள்தான் அவள் புருஷனிடம் சொன்னீர்களாம். கள்ளியை வளர்த்ததும், வளைத்ததும், கொக்கியை உயர்த்தியதும் நான்தான், ஐயா. ஆனால் நான் எதையும் கொடுக்கவில்லை. அவள் எடுத்துக்கொண்டாள். என் கையால் யாரும் எதுவும் வாங்குவதில்லை என்று இந்த வரிசையே சாட்சி சொல்லும்.

இப்போது மத்தியானத்தில் அவள் புருஷன் வேலைக்குப் போனபின் நான்தான் போய்ச் சோறு பிசைந்து ஊட்டுகிறேன். பேசுவதில்லை. என்னை நாகையா பெண்டாட்டி என்று நினைத்துக்கொள்கிறாள். நேற்று வெள்ளிக்கிழமை, குங்குமம் வைத்துவிடச் சொன்னாள். வைத்தேன். என் கையைப் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். "ராசியான கைம்மா," என்றாள்.

அவளே சொன்னாள், ஐயா. நான் கேட்டு வாங்கவில்லை.