சந்தை நிலவரக் கட்டணம்

ஏறுங்க சார், ஏறுங்க, மொதல்ல கதவச் சாத்துங்க, சாரல் அடிக்குது. ஐயோ, நனைஞ்சா நனையட்டும், சீட்டுதானே, காயும். பாலித்தீன் கவரே இன்னும் பிரிக்கல பாருங்க. ஒக்காந்தா சர்ருபுர்ருன்னு சத்தம் வரும், வெக்கப்படாதீங்க, எனக்கும் அப்படித்தான் வருது. எங்க போகணும், லைப்ரரிக்கா? போற வழிதான், காசெல்லாம் வேணாம், மழையில நிக்கிறீங்களேன்னுதான் நிறுத்துனேன். அவசரம் ஒண்ணும் இல்லையே? நல்லது.

பின்னாடி ஒக்காந்திருக்கிற பொண்ணா? என் பொண்ணு இல்ல சார், சொந்தமும் இல்ல. இந்த வண்டிய எனக்கு வித்த பொண்ணு. ஷோரூம்ல சேல்ஸ். இன்னிக்கு லீவு போட்டுட்டு என்கூட வந்திருக்கு. ஏம்மா, சாருக்கு ஒரு வணக்கம் சொல்லு.

இல்ல இல்ல, ஓட்டத் தெரியும், லைசென்ஸ் வாங்கி வருஷக்கணக்காச்சு. வண்டிதான் இல்லாம இருந்துச்சு. காத்தாலதான் சாவி குடுத்தாங்க. இந்த வைப்பர் பாருங்க, மழை வலுத்தா தானே வேகமா ஆடுது, நான் ஒண்ணுமே பண்ணல!

என்ன விலையா? அத ஏன் கேக்குறீங்க. கம்பெனி ஒரு விலை சொல்லுது, போன்ல பாத்தா தெரியுது. மொதல் ஷோரூம்ல போய் நிக்கிறேன், அதுக்கு மேல ஒரு ஸ்கூட்டர் வாங்குற காசு சேத்துக் கேக்குறான். என்னப்பா இதுன்னா, சந்தை நிலவரக் கட்டணமாம். வண்டி வேணும்னு ஒரு வருஷத்துக்கு லிஸ்ட் நிக்குதாம், முன்னாடி வேணும்னா கட்டணுமாம். சந்தைக்கு நான் எதுக்குங்க கட்டணும், அது என்ன எனக்கு மாமனா மச்சானா?

ரெண்டாவது கடையில அதெல்லாம் கெடையாது மேடம்னாரு. அப்பாடான்னு ஒக்காந்தேன். மிதியடி, வாசனை பாட்டில், பாலிஷ், குடைன்னு கட்டாயமா எடுக்கணுமாம். கூட்டிப் பாத்தா அதே ஸ்கூட்டர் காசு. குடை எதுக்குங்கன்னேன். மழைக்கு மேடம்னாரு. ஏங்க, கூரை இருக்கிற வண்டிதானே விக்கிறீங்கன்னேன்!

சிரிங்க சிரிங்க. அன்னிக்கு எனக்குச் சிரிப்பு வரல.

மூணாவதுதான் இந்தப் பொண்ணு வேல பாக்குற எடம். அங்க ஒரு மேனேஜர். கால்குலேட்டரத் தட்டி என் பக்கம் திருப்பிக் காட்டுறாரு. வாயால சொல்ல அவருக்கே கூச்சம் போல. பாத்தேன். எந்திரிச்சேன். ஹால் நடுவுல காட்சிக்கு ஒரு வண்டி நிறுத்தியிருந்தாங்க. கதவத் தெறந்து உள்ள ஒக்காந்து பூட்டிக்கிட்டேன்.

நெசமாத்தான் சார்! இறங்க மாட்டேன்னுட்டேன். டிபன் பாக்ஸத் தெறந்து மதியச் சாப்பாட்ட அங்கேயே முடிச்சேன். வண்டி பாக்க யாரு வந்தாலும் கண்ணாடிய எறக்கி, வாங்க தம்பி, வாம்மா, கம்பெனி விலை இது, இவங்க கேக்குற விலை இது, நடுவுல இருக்கே, அதுதான் அதோ நிக்கிறாரே, அவரோட சந்தை நிலவரம்னு கைய நீட்டிச் சொன்னேன். வந்தவங்க அவர ஒரு பார்வை பாத்துட்டு வெளிய போயிட்டாங்க. ஒரு பெரியவரு மட்டும் போகல. நாற்காலிய இழுத்துப் போட்டுக்கிட்டு, மேல சொல்லும்மான்னாரு.

மேனேஜர் சும்மா இருப்பாரா? போலீஸக் கூப்புடுவேன்னு குதிச்சாரு. தாராளமா கூப்புடுங்க, அவங்களும் வண்டி வாங்குறவங்கதானேன்னேன். கூடவே ஹாரன ஒரு அழுத்து. அந்தக் கண்ணாடி ஹாலுக்குள்ள ஹாரன் எப்படிக் கேக்கும்னு நெனைக்கிறீங்க? வேணாம், இப்ப அழுத்தல.

ஆனா ஒண்ணு சார், நான் சண்டைக்காரி கெடையாது. கண்ணாடிக் கடையில லென்ஸ் தேய்க்கிற வேல எனக்கு. கஸ்டமர் யாராவது கொரல ஒசத்துனாலே உள் ரூமுக்குள்ள போய் நின்னுக்குவேன். அன்னிக்குப் போய் நிக்க உள் ரூம் இல்ல. ஸ்டீயரிங்க விட்டா எந்திரிச்சு ஓடிருவேன்னுதான் விடாமப் புடிச்சிக்கிட்டேன்.

அப்பத்தான் இந்தப் பொண்ணு தண்ணி குடுக்குற மாதிரி வந்து குனிஞ்சு, அக்கா, லிஸ்டெல்லாம் வரப்போற வண்டிக்குத்தான், நீங்க ஒக்காந்திருக்கிறது எந்த லிஸ்டுலயும் இல்லன்னு காதுல போட்டுட்டுப் போச்சு. எனக்கு விளக்கு எரிஞ்ச மாதிரி ஆயிடுச்சு! சார், எனக்கு இந்த வண்டியே போதும், கம்பெனி விலைக்குக் குடுங்கன்னேன். மனுஷன் என்னப் பாத்தாரு, காலியா கெடக்குற ஹாலப் பாத்தாரு, அந்தப் பெரியவரப் பாத்தாரு. எடுத்துட்டுப் போங்கம்மா, ஆனா திரும்பி மட்டும் வந்துராதீங்கன்னாரு. நம்பரெல்லாம் பதிஞ்சு, இன்னிக்குக் கண்ணாடிக் கதவக் கழட்டி வண்டிய வெளிய விட்டாங்க. பூத்தொட்டிய அவரே தூக்கி நகத்தி வெச்சாரு, பாவம்.

ஒரு வருஷம் பொறுத்திருந்தா என்னவா? பொறுக்கலாம் சார். வேற வண்டின்னா பஸ்ஸுலயே காலத்த ஓட்டிருவேன். இதுல நடு சீட்டு ஒரு பட்டன் அமுக்குனா அப்படியே வெளிப்பக்கம் திரும்பி, கீழ எறங்கி வந்து நிக்கும். வேற எதுலயும் அது இல்ல. எங்க கடைக்கு ஒருத்தர் வருவாரு, சக்கர நாற்காலியில. வாசல்ல ரெண்டு படி, அவரால ஏற முடியாது. நான்தான் ஃப்ரேமெல்லாம் தட்டுல அடுக்கி வெளிய எடுத்துட்டு வருவேன். வாராவாரம் வருவாரு. மூக்குல நிக்கல, காதுல இறுக்குதும்பாரு. எங்க ஓனரம்மா ஒருநாள், அந்தாளு கண்ணு நல்லாத்தான் இருக்கு, உன் கண்ணத்தான் டெஸ்ட் பண்ணணும்னாங்க.

டாக்ஸின்னா ரெண்டு பேரு அக்குள்ல கை குடுத்துத் தூக்கி உள்ள போடுவாங்க சார். அவரு என்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். கல்யாணத்தன்னிக்காவது என்ன மூட்ட மாதிரி ஏத்த வேணாம், நானே ஏறி வர்றேன்னாரு.

யாரு கல்யாணமா? எங்க கல்யாணம்தான். சொல்லலையா நான்? இன்னிக்குத்தான் சார், அந்த முக்கு திரும்புனா அவரு வீடு, அங்கேருந்து நேரா ரிஜிஸ்டர் ஆபீஸ். ரெண்டு சாட்சி வேணும். ஒண்ணு இந்தப் பொண்ணு. இன்னொண்ணு என் தம்பி. இந்த வயசுல உனக்கு எதுக்குக்கா இதுன்னு நேத்து போனு வெச்சவன்தான், எடுக்கவே மாட்டேங்குறான்.

லைப்ரரி நாளைக்கும் தெறந்துதானே சார் இருக்கும்? அடையாள அட்டை கையில வெச்சிருக்கீங்களா?