வெள்ளைச் சுவத்துல வந்த கறுப்பு

...இல்லீங்க மிஸ், கிளினிக்குலேருந்து இவ்வளவு தூரம் வந்துட்டீங்க, மொதல்ல இந்தச் சுவத்தப் பாருங்க, அப்புறம் புள்ளையப் பாக்கலாம். கைய வச்சுத்தான் பாருங்களேன்! நனையுதா? புது வீடு மிஸ் இது. ரிப்பன் வெட்டி, கையில சாவியக் குடுத்து, போட்டோ எல்லாம் புடிச்சாங்க. நானும் புதுச் சீல கட்டி நின்னேன். இப்ப பாருங்க, மூலை மூலையா புஸ் புடிச்சு, பூஞ்சணம் ஏறிக் கறுத்துக் கெடக்கு. தொடச்சா போகும். மறுபடி வந்து குந்திக்கும்.

பாப்பாவுக்கு இந்த இழுப்பு வந்ததே இங்க வந்துதான். தோட்டத்து லயத்துல, வரிசை வீட்டுல பொறந்தவ மிஸ் அவ. ஓட்டத் தகரம், நாலு பக்கமும் காத்து, அடுப்புப் பொகையில கண்ணு எரியும்... ஒரு தும்மல் கெடையாது! மாளிகைக்கு வந்தோன்னதான் நெஞ்சு விசில் அடிக்குது. போன கெழம ஆஸ்பத்திரியில மூஞ்சில மாஸ்க் வச்சு ஆவி புடிச்சாங்க. அது மூச்சுக்குத் தவிக்கையில எனக்கு உசுரே இல்ல மிஸ். ஜீவராணி வாய்க்காரின்னு தோட்டமே சொல்லும். அப்பிடிப்பட்டவ அன்னைக்கு நர்ஸு கையப் புடிச்சுக் கெஞ்சுனேன்.

எல்லாம் இந்த வீட்டக் கட்டுன கொந்தராத்துக்காரன் வேல! சிமெந்தக் கண்ணுல காட்டிட்டு மண்ணக் கொழச்சுப் பூசிட்டான். இல்லாட்டி... ஒரே சுவரு மிஸ், அந்தப் பக்கம் வெள்ளையம்மா அக்கா வீடு. அங்க ஒரு புள்ளி இல்ல! எப்பிடி? அவங்க வேலையாளுங்களுக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தாங்க, நல்ல சிமெந்தெல்லாம் அந்தப் பக்கம் போயிருச்சு. எனக்கு அந்த வித்தையெல்லாம் தெரியாது.

என்ன... ஜன்னலா? இந்த மழைக்கு ஜன்னலத் தொறக்குறதா! சுவத்து மேல ஓட்டக் கல்லு வச்சிருந்தாங்கதான், காத்து வரணுமாம். காத்தா வந்துச்சு? வௌவாலு! போதாததுக்கு, நாத்தம் வருதுன்னு வெள்ளையம்மா அக்கா வேற மூக்கப் பொத்துறாங்க. அதான் ஒரம் வந்த பிளாஸ்டிக் பேக்க மடிச்சு, எல்லா ஓட்டையிலயும் சொருகி, ஒரு எறும்பு பூராம அடச்சுட்டேன்.

என்ன நாத்தமா? அது... அது ரப்பர் மிஸ். ஐயோ, அந்த ரூம் வேணாம், இன்னும் ஒதுக்கல... சரி, தொறந்துட்டீங்க. குனிஞ்சு வாங்க, தலையில சொட்டும்.

எங்க வீட்டுக்காரரு மொதலாளி காணியில பங்குக்கு ரப்பர் பால் வெட்டுறாரு. ரோலர்ல அழுத்தி எடுத்த ஷீட்ட வெளிய காயப்போட மழ விடுதா? லயத்துலன்னா அடுப்புக்கு மேல கம்பி கட்டிப் போடுவோம், பொகையில ஜோராக் காயும். இங்க அப்பிடி முடியுமா? வெள்ளச் சுவரு மிஸ்! பொகை பட்டா கறுத்துறாது? அடுப்ப வெளிய கொண்டு போயிட்டேன், ஷீட்ட இந்த ரூமுக்குள்ளயே தொங்கப்போட்டுட்டேன். சுவரு சுத்தமா இருக்கணும்ல?

இப்ப பாருங்க, ஷீட்டுலயும் புஸ். சுவத்துப் புஸ்ஸு அதுக்கும் தாவிருச்சு!

பாயா? பாப்பா படுக்குற பாயி. இந்த ரூம்தான் கதகதப்பு, காத்து அண்டாது...

ஏன் மிஸ் ஓடுறீங்க? புள்ளையத் தூக்கிட்டு வெளியவா? தூறுது மிஸ், கொடையப் புடிங்க!

...ஆ. இழுப்பு தணியுதுதான். சிரிக்கிறா, கள்ளி.

என்ன சொல்றீங்க? பாப்பா இன்னைக்கு வெள்ளையம்மா அக்கா வீட்டுல படுக்கணுமா? ஷீட்ட முழுக்க எடுக்கணுமா? இந்த மழையில எங்க கொண்டு போயித் தொங்கப்போடுவேன்? அவரு வந்து கேட்டா...

சரி. சரி மிஸ், அப்பிடிப் பாக்காதீங்க. எடுத்துர்றேன். ஓட்டையில உள்ள பேக்கையும் இப்பவே புடுங்கிர்றேன். புள்ளைய விடவா எனக்கு ஷீட்டு?

ஆனா நீங்க எழுதுற அந்த ரிப்போட்டுல, சிமெந்து சரியில்லன்னும் ஒரு வரி போட்டுக்குங்க.