வகுபடாத செல் நம்பர்

மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் பஸ்ஸில், மீன் வியாபாரிகள் இருவர் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். நீலச்சட்டைக்காரர் கையில் புது செல்போன்.

“மச்சான், என் நம்பரு அம்மாம் பெருசா இருந்தும் எதாலயும் வகுபடாதாம். ஒண்ணால வகுபடும், அதாலயே வகுபடும், அவ்ளோதான். மீன் வாங்க வந்த கல்பாக்கத்து சார் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தாராம்.”

“அதான் உனக்குப் பொண்ணு அமையல. ஒண்டிக்கட்ட நம்பரு வச்சினுகீற.”

நீலச்சட்டைக்காரரின் முகம் சுருங்கிவிட்டது. “போய்ப் பாத்துட்டு வந்தமே, திருக்கழுக்குன்றத்துப் பொண்ணு, அந்த வூட்லருந்து இன்னும் பதிலே வரல மச்சான்.”

“அவங்க நம்பரு எதுல முடியுது?”

“அஞ்சுல.”

“அப்ப அஞ்சால வகுபடும். அனுசரிச்சுப் போற குடும்பம். தைரியமா போன் போட்டுக் கேளு.”

கல்லூரியில் கணிதம் படிக்கிறவள் நான். ஐந்தால் வகுபடும் என்பதுவரை அவர் சொன்னது சரி.

போன் போட்டவர் நெடுநேரம் “இல்லீங்கண்ணா”, “சரிங்கண்ணா” என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தார். பேசி முடித்தபோது சட்டை நனைந்திருந்தது.

“இன்னா சொன்னாங்க?”

“பொண்ணுக்கு அஞ்சு அண்ணனுங்க மச்சான். ஆளுக்கு ஆள் போன வாங்கி, குடிப்பியா, அடிப்பியான்னு கேட்டு என்னிய வகுத்துட்டாங்க.”

“மீதி?”

“மீதியே இல்ல. ஞாயித்துக்கெழம பரிசம்.”