நித்தியகல்யாணியும் அக்காவின் விரல்களும்

கூடாதும்மா, நித்தியகல்யாணி இலையை அரைத்துக் குடிக்கவே கூடாது! மூன்றாவது வரிசையிலிருந்து கேட்ட உங்களுக்குத்தான் முதல் பதில், வணக்கம் அப்புறம். இதோ அதுவும்: தலைமை ஏற்றிருக்கும் மருந்தாளுநர் ஐயா அவர்களே, வார்டு வாசலில் காத்துக் காத்துக் கால் கடுத்த பெரியோர்களே, சாப்பாட்டுத் தூக்கோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்!

நான் வேதியியல் படித்தவன். இரண்டாம் ஆண்டோடு ஓடியவன். சிரிக்காதீங்கண்ணே, நீங்க முடிச்சீங்களா?

என் அக்கா தையல்காரி. கண்ணை மூடிக்கொண்டே ஊசியில் நூல் கோப்பாள். அவள் இரத்தத்தில் புற்று வந்தது. ஊசிவழி ஏறும் மருந்து, இந்த ஆஸ்பத்திரி வாசலில் பூத்திருக்கிறதே நித்தியகல்யாணி, அதிலிருந்து பிறந்தது என்றார் நர்ஸ். சொன்னதுதான் தாமதம்! பிடுங்கினேன், அரைத்தேன், டம்ளரோடு கட்டிலருகே நின்றேன்.

"என்னடா இது?"

"மருந்துக்கா. வாசல்லயே கெடக்கு."

"பருத்திச் செடியப் புடுங்கி உடம்புல சுத்திக்கிட்டா சட்டையாயிடுமாடா, மடையா?"

கொட்டிவிட்டேன். அந்த இலையில் இருப்பது விஷம், தாய்மார்களே! வண்டி வண்டியாய் இலையைப் பிழிந்து, பிரித்து, சிட்டிகையாய்ச் சுருக்கி, அளந்து ஏற்றினால்தான் மருந்து. அளந்தும் என்ன? பிரிந்து பெருகும் புற்றணுவைப் பிடித்து நிறுத்திய அதே மருந்து, போகிற போக்கில் அக்காவின் விரல் நரம்பையும் தொட்டது. புற்று அடங்கியது, விரல் மரத்தது. மருந்து முடிந்து ஆறு மாதம். இன்றும் அவள் சட்டைக்குப் பித்தான் போடுவது நான். துணிக்கடைக்குப் போனால் துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறாள். விரலுக்குத்தான் தெரியவில்லையே!

புற்றை மட்டும் கொன்று விரலை விட்டுவைக்கும் ஒன்றை எந்த இலை ஒளித்து வைத்திருக்கிறது? எந்த வேரில் உறங்குகிறது? எந்தப் பட்டையில் பதுங்கியிருக்கிறது? நான் தூக்கியெறிந்த புத்தகத்தில் அதற்கு வழி இருந்திருக்குமோ? ஏங்குகிறேன், ஐயா! செடி பார்த்த இடமெல்லாம் நின்று ஏங்குகிறேன்! தேடுகிறவர்கள் எங்கோ தேடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் என்னைப்போல் பாதியில் ஓடாதிருக்கட்டும்!

மணி நாலா? காலையில் அக்கா சொன்னாள்: "வரும்போது ஊசியும் நூலும் வாங்கிட்டு வாடா."

"எதுக்குக்கா?"

"கட்டைவிரல்ல சுருக்குன்னு ஏதோ குத்துச்சு. நெஜமான்னு பாக்கணும்."

தலைவருக்கும் உங்களுக்கும் நன்றி. ஊசி என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. நான் போகணும்.