காயப் போட்ட மூன்று நிறம்

இல்லீங்கய்யா, அவர் வீட்ல இல்லை. குடை தைக்கறவன் பொண்டாட்டிகிட்ட வந்து புருஷன் எங்கன்னு கேட்டா நான் என்னத்தைச் சொல்ல? எந்த ஊர்ல மழையோ அந்த ஊர்ல இருப்பார் எங்க வீட்டுக்காரர் கவுதென்சியோ. என்னது, ரகசியச் சங்கமா? அவரா? காலையில எந்திரிச்சா செருப்பு எங்கன்னு என்னைக் கேக்கற ஆளுங்க. உங்க ஆஸ்திரியச் சக்கரவர்த்தியைக் கவுக்கப் போறவர் முதல்ல தன் செருப்பைக் கண்டுபிடிக்க வேணாமா?

பிடிச்சா மொராவியாக் கோட்டைச் சிறைதானா? கால்ல சங்கிலியோடயா? அங்க போன எங்க ஊர்க்காரர் ஒருத்தரும் திரும்பலைங்க. சரி, உள்ள போய்த் தேடிக்குங்க, தாராளமா.

ஏன் நின்னுட்டீங்க? துணியா?

அடக் கடவுளே! பச்சை, வெள்ளை, சிவப்பு. வரிசையா வேற. சத்தியமா கவனிக்கலைங்க. துவைக்கறவ கண்ணுக்கு அழுக்குதான் தெரியும். இத்தாலிக் கொடி நிறம், குத்தம்தான், தெரியுங்க. மிலான்ல ஒரு பொண்ணைத் தொப்பி ரிப்பனுக்காகவே பிடிச்சாங்களாமே.

இதோ மாத்திடறேன். நீங்க இப்படி வாங்க, ஏரியைப் பார்த்து நின்னா வெயில் கண்ணைக் குத்தும். முதுகைத் திருப்பிக்குங்க. ஆங், அப்படித்தான்.

பச்சை யாரோடதா? நோட்டரி வீட்டம்மா ஜன்னல் திரைங்க. சிவப்பு, மாதா கோயில்ல பூசைக்கு நிக்கற பிள்ளைங்க அங்கி. வெள்ளை உங்க சுங்க அதிகாரியோட மேசைவிரிப்பு. போன ஞாயித்துக்கிழமை குழம்பைக் கொட்டிட்டார். இவங்க மூணு பேரும் சேர்ந்து புரட்சி பண்ணினா நான் பொறுப்பாக முடியுமா?

சரி, சரி, சிரிக்கலை. பச்சையை அந்தக் கோடிக்குக் கொண்டு போறேன், சிவப்பை இங்க கொண்டாறேன். இப்போ சரியா? இல்லையா? ஓ, உங்க பக்கம் நின்னா அதேதான்! பின்னாடி இருந்து பார்த்தா முன்னாடி, முன்னாடி இருந்து பார்த்தா பின்னாடி. வியன்னாவுல சட்டம் எழுதினவங்களுக்கு எங்க துணிக்கயிறு தெரியாது பாருங்க.

வேணும்னா சக்கரவர்த்தி நிறத்தையே போடறேன். கறுப்புக்கு என் பாவாடை. மஞ்சளுக்கு... பொலெந்தாவைக் களியாக் கிண்டிக் கொட்டற துணி ஒண்ணு இருக்கு. சோளமாவுக் கறை, எத்தனை தடவை துவைச்சாலும் போகலை. அதை நடுவுல போட்டா மரியாதையா இருக்குமா, மரியாதைக் குறைவா? நீங்களே சொல்லுங்க. யோசிச்சே சொல்லுங்க, அவசரமில்லை.

உங்களுக்கு எந்த ஊர்ங்கய்யா? பொஹீமியாவா? அம்மா இருக்காங்களா? அவங்க எப்படிக் காயப் போடுவாங்க? பாருங்க, அங்கயும் அப்படித்தான்! அவங்களை யாராவது ஏன்னு கேட்டாங்களா?

இல்லீங்க, நான் எங்கயும் பார்க்கலை. காத்தைப் பார்த்தேன். மதியத்துக்கு மேல தெக்கத்திக் காத்து கிளம்பிடும், துணி சீக்கிரம் காஞ்சிடும். படகுக்கும் நல்லது. துடுப்புப் போடத் தெரியாதவன்கூட வடக்கே போய்ச் சேந்துடுவான்.

வெள்ளையை எடுத்துடவா? எடுத்துட்டேன். பச்சை? அதையும் எடுத்துட்டேன். சிவப்பு மட்டும் இருக்கட்டும். இப்போ கயித்துல ஒரு குத்தமும் இல்லை.

அப்பாடா.

இனிமே திரும்பலாம்யா நீங்க. வெயில் தணிஞ்சிடுச்சு. அதோ, அந்தப் பாறைக்கு அப்பால ஒரு படகு தெரியுதா? அங்கிருந்து சுவிஸ்காரங்க தண்ணி. துப்பாக்கியைத் தூக்காதீங்க, குண்டு பாதித் தூரம்கூடப் போகாது. பாறையைத் தாண்டினதும் குடையை விரின்னு சொல்லியிருந்தேன், நான் நிம்மதியா மூச்சு விடறதுக்கு. விரிச்சிட்டார், நல்லா பெரிய சந்தைக்குடை. காத்து எப்படி இழுத்துட்டுப் போகுது பாருங்க!

அவரேதான், வேற யாரு? ஒரே நிறத்துல தைய்யான்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். கேட்டாரா மனுஷன்? ஒரு மடல் பச்சை, ஒரு மடல் வெள்ளை, ஒரு மடல் சிவப்பு.

வரேங்க, கையைப் பிடிக்காதீங்க, நானே வரேன். இந்த மேசைவிரிப்பை மட்டும் மடிச்சு வெச்சுடறேன். குழம்புக்கறை சுத்தமாப் போயிடுச்சு, உங்க அதிகாரிகிட்ட சொல்லுங்க.