முன்பதிவுப் பக்கத்தின் கிரிவலம்

காலை எட்டேகாலுக்கு வேங்கிக்கால் நிறுத்தத்தில் ஏறிய இரு இளைஞர்களில் ஒருவர், மடியில் இருந்த லேப்டாப் பையின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டார். மறுநாள் பௌர்ணமி. பேருந்தில் கூட்டம்.

“லாட்ஜ் புக்கிங் பேஜு நேத்தெல்லாம் கிரிவலம் போச்சுடா,” என்றார்.

“அப்ப புண்ணியம் உனக்குத்தான்,” என்றார் நண்பர்.

“சிரிக்காத. பழைய பேஜு புதுசுக்கு அனுப்புது, புதுசு பழசுக்கே திருப்பி அனுப்புது. தொறக்கவே இல்ல.”

“யாரு அப்டி எழுதனது?”

“எனக்கு முன்னாடி இருந்தவங்க. ஒருத்தரும் செட்டிங்ஸ் ஃபைல்ல பழைய வரிய அழிக்கல, அடியில அடியில எழுதிட்டுப் போயிட்டாங்க. பேஜ சுருக்கி அனுப்புற கம்ப்ரஷனும் அதே ஃபைல்ல. எல்லாத்தையும் தனித்தனியா பிரிச்சி வெச்சேன். விடிஞ்சப்பறம்தான் தொறந்துச்சு.”

“ஓனரு என்ன சொல்றாரு?”

“இன்னிக்கு சரியாவலன்னா வேலைக்கே வராதன்னாரு. அதான் காட்டப் போறேன்.”

அவருடைய செல்போன் அடித்தது. “சரிங்க சார்,” என்று இருமுறை சொல்லி வைத்தார்.

“ஓனருதான். நேர்ல வந்தவங்களுக்கே ரூமெல்லாம் குடுத்துட்டாராம். இனிமே வெப்சைட்டே வேணாமாம்.”

அடுத்த நிறுத்தத்தில் அவர் லேப்டாப் பையோடு இறங்கி, வீடு திரும்பும் பேருந்துக்காக எதிர்ப்பக்கம் போய் நின்றார்.